பால் நோட்டின் ஓரத்தில்

ரொட்டி என்றுதான் இங்கே அதற்குப் பெயர்.
எண்பத்தேழாம் வருடத்து உவாஸ் வேன்,
அச்சில் சுட்டெடுத்த ரொட்டி மாதிரியே இருக்கும்.
உள்ளே பதினாறு பால் கேன்.
எனக்கும் புருல்கனுக்கும் நடுவில், ஒரு தகர மூடியின் கீழ்,
எஞ்சின்.
அந்த மூடிமேல்தான் அவள் கையுறைகள் காயும்.

அக்டோபர் கடைசி. இருட்டும் நேரம்.
டோலோன் கணவாய் ஏறிக்கொண்டிருந்தபோது
சூட்டு முள் சொல்லாமல் கொள்ளாமல்
சிவப்புக்குத் தாவியது.
நூற்றுப் பத்து.
இந்த உயரத்தில் தேநீருக்கு வைத்த தண்ணீரே
தொண்ணூறில் கொதித்துவிடும்.
வண்டியை ஓரங்கட்டி மூடியைத் தூக்கினேன்.
ஆவி இல்லை.
கூலண்டின் இனிப்பு வாடை இல்லை.
கையுறைகள் வழக்கம்போல் பாதி காய்ந்திருந்தன.

சகினாலி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
சூப்புப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தான்.
அழகாகத் திறந்தது.
திறந்ததே என்று விடவில்லை, மாற்றினான்.
சென்சாரை மாற்றினான்.
பிறகு தலையைச் சொறிந்துகொண்டு
ரேடியேட்டர் என்றான்.
ஒரு ஆடு போயிற்று ரேடியேட்டருக்கு,
கொழுத்த வால் ஆடு.

நான்கு நாள் முள் நடுவில் நின்றது, நல்ல பிள்ளையாக.
ஐந்தாம் நாள் பால் பண்ணையில் தாமதம்,
திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.
சிவப்பு.

யாரும் பார்க்காதபோது
மூடியில் கந்தலைச் சுற்றி, மெல்லத் திருகி,
பாலுக்கு வைத்திருக்கும் வெப்பமானியை
ரேடியேட்டருக்குள் விட்டேன்.
எண்பத்து நாலு.
புருல்கன் பார்த்துவிட்டாள்.
இரண்டு நாள் பேச்சில்லை.
பண்ணையில் புது வெப்பமானிக்குக் கையெழுத்துப் போட்டது அவள்தான்,
உடைந்துவிட்டது என்று.

ஊர், லிட்டர், கொழுப்பு:
அவள் நோட்டில் மூன்று பத்திகள்.
பேசாத அந்த இரண்டு நாளில்
ஓரத்தில் பென்சிலால் நாலாவது முளைத்தது.
மணி. முள்.
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
எண் ஒன்று கண்ணில் பட்டால்
எழுதாமல் இருக்க அவளால் முடியாது.

நவம்பரில், பனி விழாத ஒரு ராத்திரி,
மேல் வளைவுக்கு முன்னால்:
"எசென்கான், விளக்கை அணை."
"பைத்தியமா? பக்கத்தில் பள்ளம்."
"நிறுத்திவிட்டு அணை."
நிறுத்தினேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
அணைத்தேன்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம்,
முள் எண்பதுக்கு இறங்கி
ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது.
விளக்கைப் போட்டேன், சிவப்பு.
அணைத்தேன், எண்பது.
வைப்பரைப் போட்டால் வீச்சுக்கு வீச்சு நடுங்கியது,
ஹீட்டர் விசிறிக்குக் கொஞ்சம் எழுந்தது.
அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
சிவப்பெல்லாம் ஐந்து மணிக்கு அப்புறம்.
பகலில் ஒன்றுகூட இல்லை.

மீட்டர் பலகைக்குப் பின்னால் ஒரு எர்த் வயர்.
அதைப் பிடித்திருந்த போல்ட்டில் பச்சைத் துரு,
பாசி மாதிரி.
விளக்குக்குப் போன கரண்ட்
திரும்பி வர வழி அடைபட்டு,
முள் இருந்த வீட்டுக்குள் நுழைந்து
அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.
எஞ்சினுக்குக் காய்ச்சல் இல்லை.
இருந்ததே இல்லை.
அரை விரல் உப்புத்தாள், ஒரு போல்ட்.
சகினாலி காசு வாங்கவில்லை,
என் முகத்தையும் பார்க்கவில்லை.

பழைய ரேடியேட்டர் அவன் முற்றத்தில்
கோழிக்கூண்டுக்குக் கதவாக நிற்கிறது.
ஓட்டை ஒன்றும் இல்லாத ரேடியேட்டர்.
திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

முள் இப்போது அசைவதில்லை.
அதையும் முழுதாக நம்ப முடியவில்லை எனக்கு.
நேர்ச்சாலையில் இருட்டுகிற நேரம்
ஒரு தடவை விளக்கை அணைத்துப் போட்டு
முள்ளைப் பார்த்துக்கொள்வேன்.
எதிரே வரும் சீன லாரிக்காரன்
தனக்குத்தான் சலாம் என்று எண்ணி
அவனும் அணைத்துப் போடுவான்.
புருல்கன் மூடிமேலிருந்து கையுறையை எடுத்து
அவனுக்குக் கையசைப்பாள்.